தலைச்சுற்று வழக்கு

என் கணவரின் அண்ணனுக்கு வாழ்க்கையில் ஒருநாளும் தலைச்சுற்று வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஒரு டொக்டருடைய கொம்பியூட்டரிலும், ஒரு பஸ் கொம்பனியின் கோப்பிலும், சனங்களின் அந்தரங்கத் தகவல்களைக் காக்கவென்று வைத்திருந்த ஓர் அலுவலகத்திலும், கடைசியில் ஸ்ட்ராண்டில் இருக்கிற பெரிய கோர்ட்டிலும் அவருடைய தலைச்சுற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார்கள். ஆனால் அப்படி ஒரு வருத்தம் அவருக்கு இருந்ததே இல்லை. அதைப் பெற்று, பெயர் வைத்து, வளர்த்துவிட்டவள் நான்.

அப்போது நாங்கள் இல்ஃபோர்டில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். எண்பதுகளின் பிற்பகுதி. கீழே நானும் கணவரும் ஒன்றரை வயது மகளும். மேல் அறையில் அண்ணன். நான் அவரைப் பெரியத்தான் என்று சொல்வேன். ஊரில் பதினான்கு வருடம் பஸ் ஓட்டியவர். கலியாணம் கட்டவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டிலும் பஸ்ஸைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்று என் கணவர் கேட்பார். அகதியாக லண்டனுக்கு வந்த பிறகு, கோழி இறைச்சியைப் பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. லீவு நாளில் ஆளைக் காணவில்லை என்று தேடினால் ஹை ரோட்டில் பஸ் ஸ்டொப்பில் நிற்பார். எங்கேயாவது போவதற்கு அல்ல. வருகிற சிவப்பு பஸ்ஸை டிரைவர் எப்படித் திருப்புகிறான், எப்படி ஓரம் கட்டுகிறான் என்று பார்ப்பதற்கு. வீட்டுக்கு வந்ததும் குறை சொல்வார்: "உவன் பிரேக் போடுற போட்டிலை சனத்தின்ரை பல்லு கழரும்."

இதை அவர் என்னிடம் சொல்லமாட்டார். சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டரிடம் சொல்வார்.

தம்பியின் பெண்சாதியோடு நேருக்கு நேர் கதைப்பது மரியாதை இல்லை என்பது அவருடைய கொள்கை. ஊரில் என்றால் இடையில் நாலு பேர் இருப்பார்கள், ஒருவர் மூலம் ஒருவருக்குச் செய்தி போகும். இங்கே ஷிப்டுக்குப் போன தம்பியைத் தவிர ஆள் இல்லை. ஆகவே அவர் காலண்டரைப் பிடித்துக்கொண்டார். அதில் பெரிய பிள்ளையார் படம். "தேத்தண்ணி இருந்தால் நல்லம்" என்று பிள்ளையாருக்குச் சொல்வார். நான் தேநீரை மேசையில் வைப்பேன். நானும் பதில் சொல்ல வேண்டுமே, அதற்கு என் மகள். "பெரியப்பாட்டைச் சொல்லம்மா, சீனி முடிஞ்சு போச்சாம்" என்பேன். 'அம்மா' என்ற சொல்லையே அப்போதுதான் பழகிக்கொண்டிருந்த பிள்ளை. ஆனாலும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். சண்டை சச்சரவு இல்லாமல் நன்றாகத்தான் ஓடியது எங்கள் தபால் சேவை.

ஒருநாள் காலை. கணவர் வேலைக்குப் போய்விட்டார். பெரியத்தான் வந்து காலண்டருக்கு முன்னால் நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அன்றைய திகதியைக் கிழித்தார். நாளையதையும் கிழித்தார். பிறகு பிள்ளையாரின் தும்பிக்கையைப் பார்த்துச் சொன்னார்:

"இருக்க ஏலாமல் கிடக்கு. ரத்தமும் போகுது. மூலம் எண்டு நினைக்கிறன். டொக்டரிட்டைக் காட்டினால் நல்லம்."

சொல்லிவிட்டு விறுவிறென்று மேலே போய்விட்டார். நான் கரண்டியும் கையுமாக நின்றேன். பாவம், எவ்வளவு நோ இருந்தால் அந்த மனிதர் இதை வாய்விட்டுச் சொல்லியிருப்பார்! அவருக்கு அப்போது இங்கிலீஷ் வராது. என் கணவருக்கு வந்தும் பிரயோசனமில்லை, டொக்டரைக் கண்டால் எல்லாவற்றுக்கும் யெஸ் என்பார். வீட்டில் இங்கிலீஷ் என்றால் நான்தான். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் என்று எனக்கு ஒரு விண்ணானம் வேறு. மகளைத் தள்ளுவண்டியில் இருத்திக்கொண்டு நான் முன்னால் போனேன், அவர் பத்தடி பின்னால் வந்தார்.

டொக்டர் சிவந்த முகம் கொண்ட ஒரு வெள்ளைக்காரர். பெரியத்தான் கதிரையின் ஓரத்தில், ஒரு பக்கமாக, பாதி இருந்தும் பாதி இராமலும் இருந்தார். "என்ன பிரச்சினை?" என்று டொக்டர் கேட்டார். பெரியத்தான் சுவரில் காலண்டர் தேடினார். பிறகு இரண்டு ஆண்களும் என் பக்கம் திரும்பினார்கள்.

மூலத்துக்கு இங்கிலீஷ் சொல் எனக்குத் தெரியாது என்று பொய் சொல்லமாட்டேன். வடிவாகத் தெரியும். தொண்டைவரை வந்து நின்றது. ஓர் அந்நிய ஆண்பிள்ளைக்கு முன்னால், கணவரின் அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அவருடைய பின்பக்கத்தைப் பற்றி நான் எப்படிச் சொல்வேன்? என் காது சுட்டது. வாயைத் திறந்தேன்.

"இவருக்குத் தலைச்சுற்று" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

ஏன் தலைச்சுற்று என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுப் பெண்களிடம் வெளியில் சொல்ல முடியாத எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். மாதாமாதம் வருவது தலைச்சுற்று. வயிற்றில் பிள்ளை தங்கினால் தலைச்சுற்று. மாமியாரின் தங்கை மகளுடைய கலியாணத்துக்குப் போக விருப்பமில்லை என்றால் அதுவும் தலைச்சுற்று. கேட்டவர்களுக்கு உடனே விளங்கும். "ஓ, அப்படியோ" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போவார்கள். அதுதான் நாகரிகம். அந்த டொக்டருக்கு அந்த நாகரிகம் இல்லை. மேலே மேலே கேட்டார்.

"எத்தனை தரம் வரும்?"

"இடைக்கிடை."

"விழுந்திருக்கிறாரா?"

இல்லை என்று சொன்னால் மருந்து தராமல் அனுப்பிவிடுவாரோ என்று பயம். "ஒருதரம்" என்றேன்.

"நினைவு தப்பியதா?"

"கொஞ்சம்" என்றேன்.

நினைவு தப்புவதில் கொஞ்சம் என்று ஒன்று இருக்கிறதா என்று நான் யோசிக்கவில்லை. டொக்டர் அவருடைய மருத்துவ அட்டையை இழுத்து வைத்து எழுதினார். எழுதினார் என்றால், கடிதம் எழுதுவதுபோல எழுதினார். பிறகு எழும்பி வந்து பெரியத்தானின் இரண்டு கண்ணுக்குள்ளும் லைட் அடித்துப் பார்த்தார். விரலை ஆட்டி, அதைப் பின்தொடர்ந்து பார்க்கச் சொன்னார். ஒரு காலில் நிற்கச் சொன்னார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். அந்த நோவோடு அந்த மனிதர் முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தார். நடந்து முடித்துத் திரும்பும்போது எனக்குப் பக்கத்தில் இருந்த சுவரை ஒருதரம் பார்த்தார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் நான் நேரே மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே நின்ற பெண்ணிடம் மூலத்துக்குக் களிம்பு கேட்டேன். அந்தச் சொல் தங்குதடையில்லாமல் வந்தது. யாருக்கு என்று கேட்டாள். என் கணவருக்கு என்றேன். அவர்மீது பழி போடுவதில் எனக்கு வெட்கமே வரவில்லை. டொக்டர் எழுதித் தந்து அங்கே வாங்கிய குளிசைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, களிம்பை அந்தக் குளிசைப் பையிலேயே வைத்து மேல் படியில் வைத்தேன். "பெரியப்பாட்டைச் சொல்லம்மா, டொக்டர் தந்ததாம்" என்று மகளிடம் கத்தினேன். பத்து நாள் கழித்துப் பெரியத்தான் காலண்டருக்குச் சொன்னார்: "இப்ப சுகம்." நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

வருடங்கள் போயின. தொண்ணூறுகள் வந்தன. பெரியத்தான் கவுன்சில் வகுப்புக்குப் போய் இங்கிலீஷ் படித்தார். கோழியோடு நின்ற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் படித்து, பஸ் ஓட்டும் சோதனை பாஸ் பண்ணினார். ஒரு பஸ் கொம்பனி அவரை வேலைக்கு எடுப்பதாகச் சொல்லிவிட்டது. புதுக் கறுப்புச் சப்பாத்து வாங்கி, வீட்டுக்குள்ளே போட்டு நடந்து பழகினார். மேல் அறையில் டக் டக் என்று கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்க எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வதும் என் வேலைதான். 'நினைவு தப்பும் வரலாறு உள்ளதால் தங்களைச் சாரதியாக எடுக்க முடியாது' என்று இருந்தது. வாசித்து முடித்தேன்.

பெரியத்தான் எழும்பிப் போய்க் காலண்டருக்கு முன்னால் நின்றார்.

"எனக்கு எப்ப நினைவு தப்பினது?" என்று ஆறுதலாக, அவசரமில்லாமல் கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

பிள்ளையாரும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என் கணவர்தான் துள்ளினார். "எந்தப் பொய்யன் இதை எழுதிவைச்சவன்? அவன்ரை கையை முறிக்கவேணும்!" என்றார். நான் என் கையை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். நாளைக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மேல் அறையில் டக் டக் சத்தம் நின்றுபோனது. அவர் சப்பாத்தைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டார். அறை கூட்டும்போதெல்லாம் நான் அந்தப் பெட்டியைப் பார்ப்பேன்.

நடந்தது என்னவென்றால், பஸ் கொம்பனி டொக்டரிடம் இவருடைய கண்பார்வையைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தது. ஆனால் அந்தச் சர்ஜரியில், அதுதான் டொக்டருடைய கிளினிக்கில், கொம்பியூட்டர் வந்த புதிது. பழைய அட்டைகளை எல்லாம் அங்கே வேலைக்கு நின்ற ஒரு பெண்பிள்ளை இருந்து தட்டி ஏற்றியிருந்தாள். அவள் பட்டனை அழுத்தி, வந்ததை முழுவதும் உறையில் போட்டு அனுப்பிவிட்டாள். இவருடைய மூக்கொழுகும் தடுமலிலிருந்து தலைச்சுற்று வரை எல்லாம் போய்விட்டது.

என் கணவர் விடவில்லை. ஒரு சேலைக்கடைக்கு மேலே அலுவலகம் வைத்திருந்த சொலிசிட்டரிடம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். யாழ்ப்பாணத்து ஆள், சட்டம் என்றால் சாப்பாடு வேண்டாம் அவருக்கு. தகவல்களைக் காக்கும் அந்த அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினார்: கேட்காததை அனுப்பியது ஒரு பிழை, அனுப்பியது பொய் என்பது இரண்டாவது பிழை. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு மூன்றே வரியில் பதில் வந்தது. அட்டையில் இருப்பது நோயாளி மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னதுதான், ஆகவே அது சரியான பதிவு. அனுப்பலாம் என்று ஒரு படிவத்தில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது. மேற்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. அதை வாசித்த சொலிசிட்டர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"உதைச் சும்மா விடக்கூடாது. நீதிமுறை மீளாய்வுக்குப் போவம்."

"அப்ப கோர்ட்டிலை அண்ணைக்குத் தலைச்சுத்து இல்லை எண்டு காட்டுவமோ?" என்று என் கணவர் கேட்டார்.

"இல்லை. அதைக் கோர்ட் பாக்காது."

"பாக்காதோ! அப்ப என்ன கோதாரியைப் பாக்கும்?"

"அந்த ஒபிஸ் எடுத்த முடிவு சரியோ பிழையோ எண்டு பாக்காது. முடிவெடுத்த விதம் சரியோ எண்டுதான் பாக்கும். அண்ணைக்குத் தலைச்சுத்தோ, தலையே இல்லையோ, கோர்ட்டுக்கு அது தேவையில்லை."

என் கணவருக்கு விசர் வந்துவிட்டது. உண்மையைத் தேடாத கோர்ட்டுக்கு ஏன் போகவேண்டும் என்று சத்தம் போட்டார். எனக்கோ போன உயிர் திரும்பி வந்தது. உண்மையைத் தேடாத ஒரு கோர்ட்! இப்படி அருமையான ஒரு சாமானை வெள்ளைக்காரன் கண்டுபிடித்து வைத்திருக்கிறானே என்று அவனை வாழ்த்தினேன். "போவம், போவம்" என்று முதலில் தலையாட்டியவள் நான்தான்.

சொலிசிட்டர் பேனையை எடுத்தார். "அப்ப மொழிபெயர்த்தது ஆர்?"

பெரியத்தான் சொலிசிட்டருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார்: "வீட்டு ஆள் ஒராள். அவையை இதுக்குள்ளை இழுக்க வேண்டாம்."

அவருக்கு மரியாதை தெரியும், வீட்டுப் பெண்ணைக் கோர்ட்டில் ஏற்றமாட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இப்போது எழுதும்போது என்னை நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போகத் தொடங்கினேன். தேங்காய்ப் பையோடு நோதேர்ன் லைன் ரயிலில் ஏறி, அந்த மேட்டில் மூச்சு வாங்க ஏறி, முருகனிடம் நேர்த்தி வைத்தேன். என் நேர்த்தி தெளிவானது: கோர்ட்டில் பெரியத்தான் வெல்லவேண்டும், கோர்ட்டில் நான் வாய் திறக்கக் கூடாது. இரண்டும் நடந்தால் பால்குடம். பிழை செய்தவளே கடவுளிடம் போய்ப் பேரம் பேசுவது என்றால், அதற்கும் ஒரு துணிவு வேண்டும்தானே.

வழக்கு நாள். அந்தக் கோர்ட்டைப் பார்த்தாலே செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ளத் தோன்றும், அவ்வளவு பெரிய கற்கட்டடம். செய்த குற்றத்தோடு உள்ளே போனவளின் நிலையை யோசித்துப் பாருங்கள். பெரியத்தான் பெட்டியைத் திறந்து அந்தக் கறுப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாங்கள் கடைசி வாங்கில், நீளமான மர இருக்கையில், இருந்தோம். நீதிபதிக்கு அன்று தடுமல். தலையிலிருந்த பொய்முடியைச் சரிசெய்துகொண்டு மூக்கைச் சீறினார்.

எங்கள் பக்கத்து வக்கீல், மெலிந்த ஒரு மனிதர், எழும்பினார். அட்டையின் பிரதியைத் தூக்கிப் பிடித்தார்.

"மதிப்புக்குரிய நீதிபதி அவர்களே, இதில் ஓரத்தில் டொக்டர் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். மொழிபெயர்த்தவர், நோயாளியின் தம்பி மனைவி. நோயாளி சொல்கிறார், எனக்கு அந்த வருத்தம் இருந்ததில்லை என்று. அட்டை சொல்கிறது, இருந்தது என்று. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் இந்தப் பெண்மணி ஒருவர்தான். முடிவெடுக்க முன்னர் அந்த அலுவலகம் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டதா? கேட்கவில்லை."

எனக்கு அந்த வாங்கு ஆடியது. முதல்முறையாக எனக்கே உண்மையான தலைச்சுற்று வந்தது.

"அந்தப் பெண்மணி இப்போது எங்கே இருக்கிறார்?" என்று நீதிபதி கேட்டார்.

"நோயாளியோடு ஒரே வீட்டில்தான், ஐயா."

"அப்படியானால் ஒரு கடிதத்துக்கு முத்திரை ஒட்டியிருந்தால் போதுமே" என்றார் நீதிபதி. கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அலுவலகத்தின் வக்கீல்கூடச் சிரித்தார். என் கணவர் என்னை முழங்கையால் இடித்தார். "இஞ்சரும், உம்மைப் பற்றித்தான் கதைக்கினம். எழும்பிச் சொல்லுமன், நான்தான் எண்டு." அவர் பெருமையில் சொன்னார். நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கிற சாட்டில் பாதி முகத்தை மூடிக்கொண்டேன்.

பின்னேரமே தீர்ப்பு வந்துவிட்டது. தலைச்சுற்று இருந்ததா இல்லையா என்பதைப் பற்றித் தான் ஒன்றும் சொல்லவில்லை என்று நீதிபதி சொன்னார். ஆனால் கேட்க வேண்டியவரைக் கேட்காமல் எடுத்த முடிவு முடிவே அல்ல. அதை ரத்துச் செய்கிறேன் என்றார். அலுவலகம் அந்தப் பெண்மணியைக் கேட்டுவிட்டுப் புதிதாக முடிவெடுக்க வேண்டும்.

வென்றுவிட்டோம்! என் கணவர் சொலிசிட்டரைக் கட்டிப்பிடித்தார். மெலிந்த வக்கீல் எல்லோருக்கும் கை கொடுத்தார், எனக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குலுக்கினார். தோற்ற முகத்தோடு அங்கே நின்றவள் நான் ஒருத்திதான். முருகன் சொன்ன சொல் தவறவில்லை. பெரியத்தான் வென்றார், கோர்ட்டில் நான் வாய் திறக்கவில்லை. கோர்ட்டுக்கு வெளியே என்ன செய்வது என்று நேர்த்தி வைக்கும்போது நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவ்வளவு ஒழுங்காக வழக்குப் பேசுகிற கடவுளிடம் வாய்ச்சவடால் விட்டது என் பிழை.

சில கிழமைகளில் கடிதம் வந்தது. அலுவலகத்துக்கு வரச் சொல்லி எனக்கு, என் பெயருக்கு. பெரியத்தானும் சொலிசிட்டரும்கூட வரலாம் என்று இருந்தது. போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி, ஒரு தட்டு நிறைய பிஸ்கட். இந்த முறை எந்தத் தவறும் வந்துவிடக் கூடாது என்று, பெரியத்தானுக்கென ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் அழைத்திருந்தார்கள். மதுரைப் பக்கத்து அம்மா. வெண்கலக் குரல். நான் இங்கிலீஷில் சொல்வதை எல்லாம் அவர் பெரியத்தானுக்குத் தமிழில் சொல்வார்.

"அன்றைக்கு டொக்டரிடம் தலைச்சுற்று என்று சொன்னீர்களா?"

"சொன்னேன்."

"அவர் உங்களிடம் தலைச்சுற்று என்று சொன்னாரா?"

"இல்லை."

"அப்படியானால் என்ன சொன்னார்?"

திரும்பவும் அதே சொல் வந்து அதே இடத்தில் நின்றது. ஐந்து வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்திருக்கிறது. நான் பெரியத்தானைப் பார்க்கவில்லை. அந்தச் சப்பாத்தைப் பார்த்தேன். இதைச் சொல்லாவிட்டால் அது பெட்டிக்குள்தான். கண்ணை உயர்த்திச் சுவரில் காலண்டர் தேடினேன். தீப்பிடித்தால் எந்த வழியால் ஓட வேண்டும் என்று ஒரு படம்தான் தொங்கியது. அந்தப் படத்தைப் பார்த்து, இங்கிலீஷில், ஒரே மூச்சில் சொன்னேன்.

மதுரை அம்மா பெரியத்தான் பக்கம் திரும்பி, அடுத்த அறைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"உங்களுக்கு மூலம்னு சொல்றாங்க. தலைச்சுத்தெல்லாம் இல்லையாம். வெக்கப்பட்டு மாத்திச் சொல்லிட்டாங்களாம். ஆமாவா?"

பூமி பிளந்தால் போய்விடலாம் என்று இருந்தது. பெரியத்தான் அசையவில்லை.

"ஓம்" என்றார்.

"இந்தப் பெண்மணி மாற்றிச் சொன்னது இவருக்கு எப்போது தெரிய வந்தது?" என்று அதிகாரி கேட்டார். கோர்ட்டில்தான் என்று சொல்வார் என நினைத்துக்கொண்டு நான் தலையைக் குனிந்திருந்தேன்.

"அண்டைக்கே தெரியும்" என்றார் பெரியத்தான். "பின்பக்கம் பாக்க வேண்டிய டொக்டர் கண்ணுக்குள்ளை லைட் அடிச்சால், எனக்கு விளங்காதே?"

மதுரை அம்மாவால் மொழிபெயர்க்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கடைசியில் ஒருவழியாக அவர் சொல்லி முடித்தபோது அதிகாரி பிஸ்கட்டைத் தேநீருக்குள் போட்டுவிட்டார். சொலிசிட்டர் கைலேஞ்சிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் அதிகாரி கேட்டார்: "முதலிலிருந்தே தெரிந்திருந்தால், இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் இந்த வழக்கே தேவைப்பட்டிருக்காதே."

பெரியத்தான் தீ விபத்துப் படத்தைப் பார்த்தார்.

"பிள்ளை வெக்கத்திலை சொன்னது. நான் அதைக் காட்டிக் குடுத்தால் அவ எங்கடை வீட்டிலை எப்பிடி நிமிந்து நடப்பா? தானாச் சொல்லட்டும் எண்டு விட்டன். பஸ் இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும்தானே."

நான் அழுதுவிட்டேன். அங்கேயே, அந்த அதிகாரிக்கு முன்னால், மூக்கால் தண்ணீர் வர அழுதேன். என் வெட்கத்தைக் காப்பாற்ற நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால், அதே வெட்கத்தைக் காப்பாற்ற அந்த மனிதரும் மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கு விலையாக அவர் கொடுத்தது அவருடைய பஸ். கடிதம் வந்த அன்றைக்குக் காலண்டருக்கு முன்னால் அவர் ஏன் அவ்வளவு நேரம் நின்றார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதுரை அம்மா எனக்கு ஒரு பிஸ்கட் எடுத்துத் தந்தார்.

அலுவலகம் புதிதாக முடிவெடுத்தது. சர்ஜரி செய்தது பிழை. பதிவைத் திருத்த வேண்டும். அனுப்பிய இடங்களுக்கெல்லாம் திருத்தத்தையும் அனுப்ப வேண்டும். திருத்தம் என்றால் உண்மையை எழுத வேண்டுமே. ஆகவே சர்ஜரிக் கொம்பியூட்டரிலும் பஸ் கொம்பனிக் கோப்பிலும் அலுவலக அலுமாரியிலும், இன்ன ஆளுக்கு இருந்தது தலைச்சுற்று அல்ல, மூலம் மட்டுமே என்று அழகாகத் தட்டச்சுச் செய்து வைத்தார்கள். அந்தரங்கத்தைக் காக்கப் போன வழக்கு இப்படி ஊரறிய முடிந்தது. பால்குடத்தை நான் எடுத்தேன். முருகனோடு வாதாடி வெல்ல ஏலாது.

பஸ் கொம்பனியின் டொக்டர் பெரியத்தானைப் புதிதாகச் சோதித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதினார். மேல் அறையில் டக் டக் சத்தம் திரும்ப வந்தது. நான் பஞ்சு வைத்து, நடுவில் துவாரம் விட்டு, சீட்டில் போட்டு இருக்க நல்ல தடிப்பாக ஒரு மெத்தை தைத்தேன். யாருக்கும் ஒன்றும் சொல்லாமல், களிம்பு வைத்த அதே படியில் வைத்தேன். மறுநாள் பார்த்தபோது படியில் அது இல்லை.

அவர் தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் கிழமையில், இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு ஹை ரோட்டு ஸ்டொப்பில் வேண்டுமென்றே காத்து நின்றேன். இரண்டு பஸ்ஸைப் போகவிட்டேன். மூன்றாவதில் அவர். சிவப்பு பஸ், சீருடை, கறுப்புச் சப்பாத்து. அவருக்குக் கீழே என்னுடைய மெத்தையின் பூப்போட்ட ஓரம் தெரிந்தது. ஓரம் கட்டிய விதத்தில் ஒருவருடைய பல்லும் ஆடியிருக்காது. நான் ஏறினேன். இடையில் நின்று செய்தி சொல்ல மகளும் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சுவரும் இல்லை, காலண்டரும் இல்லை. நான் அப்படியே அவருக்குப் பக்கத்தில் பையோடு விறைத்துப்போய் நின்றேன்.

பெரியத்தான் தலையைத் திருப்பினார். இத்தனை வருடத்தில் முதல்தரமாக என் முகத்தை நேரே பார்த்தார்.

"என்ன பிள்ளை, தலைச்சுத்துதோ?" என்றார். "கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நில்லும். எடுக்கப் போறன்."